வண்டிக்கேற்ற கையா, கைக்கேற்ற வண்டியா?

இடக்கை விரல்களில் இரண்டு மூன்றை இழந்த ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார் என்றால், அவரைப் பற்றி எழுதத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டுரைதான். தலைப்பில் 'தன்னம்பிக்கை' என்ற சொல் இருக்கும். உடன் ஒரு புகைப்படம். அதில் அவர் வண்டிமேல் அமர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். விதி, விடாமுயற்சி, தாயின் கண்ணீர் எல்லாம் உரிய வரிசையில் வந்துபோகும். கிளட்ச்சை அவர் எப்படிப் பிடிக்கிறார் என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. லீவரை வளைத்தாரா, இடம் மாற்றினாரா, எந்தப் பட்டறையில் செய்தார், எவ்வளவு செலவாயிற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்ன சொல்லிற்று என்பவை கட்டுரையாளருக்குத் தேவைப்படுவதில்லை. அதே நிலையில் இருக்கும் இன்னொரு வாசகருக்கோ அவை மட்டுமே தேவை.

இந்த வகை எழுத்தை நாங்கள் எதிர்க்கிறோம். ஓர் உலோகத் துண்டை இரண்டு அங்குலம் நகர்த்தினால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கலை மனவுறுதியின் காவியமாக மாற்றும்போது, அதை நகர்த்த வேண்டியவர்கள் அனைவரும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறார்கள். வண்டி செய்பவர் கைதட்டுகிறார், அதிகாரி கைதட்டுகிறார், வாசகரும் கைதட்டுகிறார். லீவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இலக்கியம் பேசுமிடத்தில் கிளட்ச் லீவருக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: இது கதையாடலால் விளைந்த அநீதி. கதை சொல்கிறவர்களுக்கு இதில் பங்குண்டு. ஆகவே பேசும் கடமையும் உண்டு.

முதலில் வண்டியைப் பார்ப்போம். இன்று நம் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிளில் வலக்கை ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறது, முன் பிரேக்கைப் பிடிக்கிறது. இடக்கை கிளட்ச்சைப் பிடிக்கிறது. ஹாரனும் இண்டிகேட்டரும் அதன் கட்டைவிரலுக்கு உரியவை. இடக்கால் கியரை மாற்ற, வலக்கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. இந்த ஏற்பாடு இயற்கை விதி போல் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இது ஒரு வழக்கம், அதுவும் அண்மைக்கால வழக்கம். சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட்டில் பல பத்தாண்டுகள் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. பழைய பஜாஜ், லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களில் கியர் இடது மணிக்கட்டில் இருந்தது. அமெரிக்காவின் பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் கிளட்ச்சைக் காலால் மிதித்துக் கியரைக் கையால் மாற்றினார்கள். அதே நாட்டின் 'இந்தியன்' மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஆக்ஸிலேட்டர் இடக்கைப் பக்கமே தொழிற்சாலையிலிருந்து வந்தது. வலக்கை பயன்படாத ஒருவர் ஆக்ஸிலேட்டரை இடப்பக்கம் மாற்றித் தரச் சொல்லும்போது "அதெப்படி முடியும்?" என்று வியப்பவர்கள், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே கடையில் விற்ற ஒன்றைப் பார்த்து வியக்கிறார்கள்.

கிளட்ச் லீவர் இல்லாமல் கியர் வண்டி ஓடுமா? 1958இல் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் வண்டிக்குக் கியர் உண்டு, கிளட்ச் லீவர் கிடையாது. எஞ்சின் வேகத்தைப் பொறுத்துத் தானே பிடித்துத் தானே விடும் மையவிலக்குக் கிளட்ச் அதில் இருந்தது. காரணம் சுவையானது: ஜப்பானில் சோபா நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டுகளைத் தாங்கியபடி மறு கையால் ஓட்ட வேண்டும் என்று சொய்ச்சிரோ ஹோண்டா விரும்பினார். ஒரு கையால் ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த வண்டி அது. 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் மிக அதிகமாக விற்ற மோட்டார் வாகனம், ஒரு கை வேறு வேலையாக இருக்கிறது என்ற அனுமானத்திலிருந்து பிறந்தது என்பதை நம் வாகனத் தொழில் ஏன் மறந்தது? நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50க்கும் கிளட்ச் லீவர் கிடையாது. காய்கறிக் கூடையும் பால் கேனும் மீன் பெட்டியும் ஏற்றிக்கொண்டு தமிழகத்துக் கிராமங்கள் அதில்தான் ஓடின. அதை யாரும் ஊனமுற்றோர் வண்டி என்று சொல்லவில்லை.

தட்டைத் தாங்கும் கைக்காகப் பொறியியல் வளைந்து கொடுக்கும். விரலிழந்த கைக்காக வளைந்து கொடுக்காது. முதலாவது சந்தை, இரண்டாவது கருணை என்று யாரோ எங்கோ வகை பிரித்துவிட்டார்கள்.

பந்தய உலகில் இந்த வகைப்பாடு செல்லுபடியாவதில்லை. அங்கே வெற்றிதான் கணக்கு. 1992இல் ஆஸ்திரேலியரான மிக் டூஹன் நெதர்லாந்தின் அசென் பந்தயத் தடத்தில் விழுந்தார். வலக்காலை வெட்டி எடுக்க வேண்டிய நிலை வரை போயிற்று. மருத்துவர் கிளாடியோ கோஸ்டா இரு கால்களையும் சேர்த்துத் தைத்து அதைக் காப்பாற்றினார். கால் தப்பியது, ஆனால் பின் பிரேக்கை மிதிக்கும் திறன் திரும்பவில்லை. அவருடைய குழு 'தன்னம்பிக்கையோடு மிதியுங்கள்' என்று சொல்லவில்லை. இடக்கைப் பிடியின் அருகே கட்டைவிரலால் அழுத்தும் பின் பிரேக் ஒன்றைப் பொருத்தியது. 1994 முதல் 1998 வரை ஐந்து ஆண்டுகளும் 500 சிசி உலகப் பட்டம் அவருடையது. பிற்காலத்தில் காலில் எந்தக் குறையும் இல்லாத மோட்டோஜிபி ஓட்டுநர்கள் பலரும் அதே கட்டைவிரல் பிரேக்கை விரும்பிப் பொருத்திக்கொண்டார்கள். வண்டி வலப்பக்கம் படுத்துத் திரும்பும்போது கால் போக முடியாத இடத்தில் கட்டைவிரல் போகிறது. காயம்பட்ட ஒருவருக்காகச் செய்த மாற்றம் முழுவுடலோருக்கும் மேம்பாடாக முடிந்தது.

இனிப் பட்டறைக்கு வருவோம். எங்கள் நண்பர் ஒருவர் பவர் பிரஸ்ஸில் இடக்கைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் இழந்தவர். கிளட்ச்சை நாம் பெரும்பாலும் அந்த இரு விரல்களால்தான் இழுக்கிறோம். அவருடைய மெக்கானிக் செய்தது இவ்வளவுதான்: லீவரை உட்பக்கம் வளைத்துப் பிடிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார், மோதிர விரலும் சுண்டு விரலும் எட்டும்படி அதன் கோணத்தைத் திருப்பினார், புதுக் கேபிள் போட்டு எண்ணெய் விட்டார், எஞ்சின் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் கையைச் சற்றே நீட்டினார். கை நீண்டால் இழுக்கும் பலம் குறையும், ஆனால் இழுக்க வேண்டிய தூரம் கூடும். கூடுதலாக நீட்டினால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் முரண்டு பிடிக்கும். அந்தச் சமன்பாட்டை மூன்று முறை செய்து பார்த்துத் தீர்த்தார். எந்தக் கல்லூரியிலும் படிக்காத அந்த மனிதர் செய்தது துல்லியமான பொறியியல்.

பிறகு நண்பர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். நாற்பது வயதைத் தாண்டியவர் என்பதால் மருத்துவச் சான்று வேண்டும். மருத்துவர் கையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், முடிந்தது. வண்டி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. அதை வந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அது தனி மனிதரின் அலட்சியம் என்று கடந்துவிட முடியாது. நம் படிவங்களே அப்படிப்பட்டவை. உரிமம் கோருபவர் தரும் உடற்தகுதி உறுதிமொழியில் கையோ காலோ இழந்தவரா, கை கால் தசைகளில் வலுக்குறைவு உண்டா என்ற வினா இருக்கிறது. வண்டியில் என்ன மாற்றம் செய்தால் இவர் ஓட்ட முடியும் என்ற வினா இல்லை. ஐரோப்பிய நாடுகளின் உரிமங்களில் இதற்கென்றே குறியீடுகள் உள்ளன. 15 என்றால் மாற்றியமைத்த கிளட்ச், 20 என்றால் மாற்றியமைத்த பிரேக், 25 என்றால் மாற்றியமைத்த ஆக்ஸிலேட்டர். 44 என்ற குறியீடு மோட்டார் சைக்கிள் மாற்றங்களுக்கு மட்டுமே உரியது. அந்த உரிமம் மனிதரிடம் என்ன இல்லை என்று எழுதுவதில்லை. வண்டியில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுகிறது. இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு நாகரிகத்தின் தூரம் இருக்கிறது.

சொற்களைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உடற்குறை உள்ளவரின் வாகனத்தை 'இன்வாலிட் கேரேஜ்' என்று அழைத்தது. பிரிட்டிஷ் சட்டத்தின் சொல். நோயாளி என்ற பொருளில் வந்த அந்தச் சொல்லை அழுத்தம் மாற்றி உச்சரித்தால் 'செல்லாதது' என்று ஆகிவிடும். அதைவிடக் கொடியது அதன் விளக்கம்: அத்தகையவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டிய வண்டியாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது. அதாவது, நம் மெக்கானிக் செய்த வேலை சட்டத்தின் கண்ணில் வேலையே அல்ல. தமிழ்நாட்டில் 2010இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் அரசு வழக்கில் 'மாற்றுத்திறனாளிகள்' வந்தது. அதன் பிறகும் ஒன்பது ஆண்டுகள் அவர்களது வண்டி 'இன்வாலிட்' ஆகவே இருந்தது.

2019 இந்த விஷயத்தில் விசித்திரமான ஆண்டு. ஜனவரியில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தச் சட்டமோ 'இன்வாலிட் கேரேஜ்' என்பதை நீக்கி 'மாற்றியமைத்த வாகனம்' என்ற வகையை வைத்தது. உரிமையாளர் தம் வண்டியை அவ்வாறு மாற்றிவிட்டுப் பின்னர் பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம் என்றும் சொன்னது. இதை வரவேற்கிறோம். ஆனால் ஒரு முள்ளை அப்படியே விட்டுவைத்தார்கள்: அந்த வண்டி அவராலோ அவருக்காகவோ மட்டுமே பயன்பட வேண்டும். ஒரே வண்டியில் அப்பா வேலைக்கும் அம்மா ரேஷன் கடைக்கும் மகன் டியூஷனுக்கும் போகும் வீடுகளை இந்த வரியை எழுதியவர்கள் பார்த்ததுண்டா? லீவரைக் கொஞ்சம் வளைத்த வண்டியை மற்றவர்களும் ஓட்ட முடியும். கைக்காயம் பட்டவர் வீட்டில் மட்டும் இரண்டு வண்டி நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அரசின் உதவியும் இதே குருட்டிடத்தில் தடுமாறுகிறது. கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசு வழங்குகிறது. நல்ல திட்டம். ஆனால் அது கைகள் நன்றாக இருப்பவர் என்ற எண்ணத்தின் மேல் நிற்பது. கையில் குறை உள்ளவருக்கு இரண்டு சக்கரம் கூடுதலாகத் தேவையில்லை. ஒரு லீவர் இடம் மாறினால் போதும். அதற்குத் திட்டம் இல்லை. போதாக்குறைக்கு, உதவிகளின் வாசலில் நாற்பது விழுக்காடு என்ற அளவுகோல் நிற்கிறது. இரு விரல் இழந்தவர் பல வேளைகளில் அந்த அளவுக்குள் வருவதில்லை. ஓட்டுவதற்கு அவர் ஊனமுற்றவர், உதவி பெறுவதற்கு ஊனமற்றவர். எழுதும்போது கை தசைப்பிடித்துக்கொள்ளும் தேர்வர் ஒருவரின் வழக்கில், தக்க மாற்றேற்பாடு கோரும் உரிமை நாற்பது விழுக்காட்டைத் தொட்டவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேனாவுக்குப் பொருந்திய நீதி ஹேண்டில்பாருக்கு ஏன் பொருந்தவில்லை?

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். சாலை பொது இடம், பிறர் உயிரோடு விளையாடலாமா என்பார்கள். தவறான கேள்வி அல்ல. நேராகவே பதில் சொல்வோம். எல்லாக் கைக்காயங்களும் லீவரை நகர்த்துவதால் தீராது. உணர்வே இல்லாத கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியாது. வலக்கை முழுவதும் செயலிழந்தவருக்குக் கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்ச், ஆக்ஸிலேட்டர், முன் பிரேக் மூன்றையும் இடக்கையில் குவிப்பது கடினம். அவருக்குக் கியரில்லாத வண்டியே உகந்தது. ஒரு கையால் திருப்பும் வண்டியில் குழியில் இறங்கினால் ஹேண்டில்பார் உதறும். அதை அடக்கும் டாம்பர் வேண்டும். செயற்கைக் கையைப் பிடியோடு கட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. விழும்போது தானே கழன்றுகொள்ளும் இணைப்புதான் உயிர் காக்கும். இத்தனையும் உண்மை. ஆனால் இவை ஒவ்வொன்றும் சோதித்துப் பார்ப்பதற்கான காரணங்கள். தடுப்பதற்கான காரணங்கள் அல்ல. தடை செய்தால் அவர் ஓட்டாமல் இருந்துவிடுவார் என்று நம்புவது மத்தியதர வர்க்கத்தின் வெகுளித்தனம். வேலைக்குப் போக வேண்டியவர் கையைத் துண்டால் பிடியோடு கட்டிக்கொண்டாவது போவார். பாதுகாப்பின் பேரால் நாம் உண்டாக்குவது மிக மோசமான வடிவமைப்பை.

மேலும், பாதுகாப்புக்கென்று வந்த விதியே இவர்களுக்குப் பாதி வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இணைந்த பிரேக் அல்லது ஏபிஎஸ் கட்டாயம். இணைந்த பிரேக் உள்ள கியரில்லா ஸ்கூட்டரில் இடக்கை லீவர் ஒன்றே இரு சக்கரங்களையும் பிடிக்கிறது. அந்த ஸ்கூட்டரில் வலக்கை பயன்படாதவருக்கு மாற்ற வேண்டிய பெரிய வேலை ஆக்ஸிலேட்டர் மட்டுமே. கேபிளால் இயங்கும் ஆக்ஸிலேட்டரை இடப்பக்கம் கொண்டுவருவது நல்ல பட்டறைக்கு எட்டாத வேலை அல்ல. மின் வண்டிகளில் கிளட்ச்சும் இல்லை, கியரும் இல்லை. இன்னொரு முனையில், 2023இல் ஹோண்டா அறிவித்த இ-கிளட்ச் போன்றவை லீவரைத் தொடாமலே கியர் மாற்ற வழி செய்கின்றன. ஆனால் அவை பல லட்ச ரூபாய் வண்டிகளில் சொகுசாக வருகின்றன. உழைத்துக் கையிழந்தவருக்குத் தேவையானது, உல்லாசமாக ஓட்டுபவருக்கு விலைக்குக் கிடைக்கிறது.

ஏனெனில் கையை இழப்பவர்கள் யார்? அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் பிரஸ் ஓட்டுகிறவர்கள், சிவகாசியில் வெடிமருந்து கலப்பவர்கள், கரும்பாலையிலும் கதிரடிக்கும் இயந்திரத்திலும் நிற்பவர்கள். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அறுந்து கை தொங்கிப்போகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய இளைஞர்கள். அந்த நரம்புகளை ஒட்டவைக்கும் அறுவையில் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனை நம் கோவையில்தான் இருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். அதோடு நில்லாமல் நோயாளிகள் தொழில் பழக நவ ஜீவ நிலையம் அமைத்தார். நிமிர்ந்த கை எந்தக் கருவியைப் பிடிக்கப்போகிறது என்பதும் மருத்துவத்தின் கேள்வி என்று வேலூர் அன்றே அறிந்திருந்தது. இன்று விரலைத் தைத்து அனுப்பும் எத்தனை மருத்துவமனைகளில் "வேலைக்கு எதில் போவீர்கள்?" என்று கேட்கிறார்கள்?

எங்கள் கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு மாதிரி வண்டிக்கும் இடப்பக்க ஆக்ஸிலேட்டர், எட்டும் தூரம் மாற்றக்கூடிய லீவர், இடம் மாற்றக்கூடிய சுவிட்சு ஆகியவற்றைத் தயாரிப்பாளர்கள் உதிரிபாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். உடலை மட்டும் பார்க்கும் படிவம், மாற்றியமைத்த வண்டியில் ஆளை ஓட்டவைத்துப் பார்க்கும் சோதனையாக மாற வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இருசக்கர வாகனப் பாடத்தில் இந்த வேலை இடம்பெற வேண்டும். ஸ்கூட்டர் தரும் அரசு, லீவர் மாற்றும் செலவையும் தர வேண்டும். ஸ்கூட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பம். 'அவருக்கு மட்டும்' என்ற வரி சட்டத்திலிருந்து போக வேண்டும். பிரிட்டனில் மாற்றுத்திறனாளி மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் சங்கம் 1991 முதல் ஆலோசனையும் மாற்றங்களுக்கான பண உதவியும் தந்துவருகிறது. அதை நடத்துபவர்கள் ஓட்டுநர்களே; பரிதாபப்படுகிறவர்கள் அல்லர்.

எழுதுகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் புனைகதையிலும் திரையிலும் கையிழந்தவர் ஒன்று பரிதாபத்தின் உருவம், அல்லது வெல்ல முடியாத மனத்தின் உருவம். இரண்டிலும் அவருக்குக் காலை எட்டரை மணி ஷிப்ட் கிடையாது, பெட்ரோல் விலை கிடையாது, கிளட்ச் கேபிள் அறுந்துபோகும் கவலை கிடையாது. குறியீடாகிவிட்ட மனிதருக்கு யாரும் லீவர் மாற்றித் தர மாட்டார்கள். அடுத்த முறை இப்படி ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுத்து ஹேண்டில்பாரைப் பாருங்கள். அங்கே என்ன மாறியிருக்கிறது, யார் மாற்றினார், என்ன விலை, எந்த அலுவலகம் எதைச் சொல்லித் தடுத்தது என்பதை எழுதுங்கள். அந்தக் கட்டுரையை ஒருவர் கத்தரித்தெடுத்துத் தன் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுவார்.